அத்தியாயம் 6: பட்டினிப் பயிரின் நோயும் கொழுத்த பயிரின் நோயும்

மார்கழி மாதக் காலையில் ஒரு சம்பா வயல் வரப்பில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே ரகம், ஒரே வாரத்தில் நட்ட நாற்று. இடப்பக்க வயல் கரும்பச்சை. இலைகள் அகன்று, நுனி மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. மணி பத்தாகியும் உள்ளே பனி காயவில்லை. வலப்பக்க வயல் கொஞ்சம் வெளிர். இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. தூர்களுக்கு நடுவே தண்ணீர் பளபளப்பது தெரிகிறது. வழியில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் இடப்பக்க வயலைத்தான் காட்டுவார்: "அதுதாங்க பயிர்!"

பொங்கல் முடிந்து அதே வரப்பில் நின்றால் பல வருஷங்களில் கதை மாறியிருக்கும். இடப்பக்கத்தில் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, கதிர்கள் வெளுத்துத் தொங்கும். உருவிப் பார்த்தால் பாதி பதர். அந்த வயல்காரர் மருந்துக் கடைக்கு மூன்று தடவை போய் வந்திருப்பார். பக்கத்து வயல்காரர் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பார், அல்லது போகவே தேவைப்பட்டிருக்காது.

உரக் கணக்கும் நோய்க் கணக்கும் தனித்தனி நோட்டு என்று நாம் பழகிவிட்டோம். உரத்துக்கு ஒரு நாள் கடைக்குப் போகிறோம், மருந்துக்கு இன்னொரு நாள். பயிருக்கு அப்படி இரண்டு நோட்டு கிடையாது. எந்தச் சத்தை எவ்வளவு, எப்போது கொடுத்தோம் என்பதுதான் விளைச்சலையும் தீர்மானிக்கிறது, எந்த நோய் வரும், எவ்வளவு வரும் என்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் காவிரிப் படுகை நெல்லை வைத்து அதை விளக்குகிறது. கடைசியில் மற்ற பயிர்களையும் ஒரு சுற்றுப் பார்ப்போம்.

வரப்பின் தாழ்ந்த இடம்

வயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? வரப்பு மூன்று பக்கமும் முழங்கால் உயரம் இருந்தாலும் ஒரு மூலையில் கரை கரைந்து நான்கு விரல் உயரம்தான் என்றால், தண்ணீர் நான்கு விரல்தான் நிற்கும். மற்ற இடங்களில் இன்னும் மண்ணை வெட்டிப் போட்டு உயர்த்தினாலும் பயனில்லை. தாழ்ந்த இடத்தை அடைத்தால்தான் மட்டம் ஏறும்.

விளைச்சலும் அப்படித்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், கந்தகம் என்று பயிருக்கு வேண்டியவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் விளைச்சலின் மட்டம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, லீபிக் பரப்பிய விதி இது. கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது: தழைச்சத்தை மட்டும் போட்டு வந்த பாத்தியை, மூன்று சத்தும் போட்ட பாத்தியும் தொழுவுரம் சேர்ந்த பாத்தியும் முந்துகின்றன.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. ஒரே சத்தை ஏற்றிக்கொண்டே போனால் முதல் மூட்டை கொடுக்கும் பலனை மூன்றாவது மூட்டை கொடுக்காது. விளைச்சல் முதலில் வேகமாக ஏறும், பிறகு மெதுவாக ஏறும், பிறகு படுத்துக்கொள்ளும், அதன் பிறகு இறங்கும். இறங்குவதற்கு யூரியா பயிரைச் சுடுவது காரணமில்லை. பயிர் சாய்வதும் நோய் பிடிப்பதும்தான் அந்த இறக்கத்தின் பெரும் பங்கு. விளைச்சல் கோடு எங்கே படுக்கிறதோ அதற்குக் கொஞ்சம் முன்பே நோய்க் கோடு எழும்பத் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு முன்னால் நிற்கத் தெரிந்தவரே நல்ல விவசாயி.

கொழுத்த பயிரின் நோய்கள்

நெல்லில் தழைச்சத்து மிஞ்சினால் தேடி வருபவை ஐந்து.

*குலை நோய்.* இலையில் கண் வடிவப் புள்ளி: இரண்டு முனையும் கூர்மை, நடுவே சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. பிறகு கணு, கடைசியில் கதிரின் கழுத்து. குளிர்ந்த இரவும் நீண்ட நேரம் காயாத பனியும் இதற்கு வேண்டும். சம்பா, தாளடியில் ஐப்பசி முதல் தை வரை இரண்டும் கிடைக்கும். ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204 போட்டிருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அந்த ரகத்துக்குக் குலை நோயைத் தாங்கும் சக்தி குறைவு.

*இலையுறை கருகல்.* தண்ணீர் மட்டத்தில், இலையுறையில் பாம்புத் தோல்போலத் திட்டுத் திட்டாகத் தொடங்கி மேலே ஏறும். அடர்த்தியாக நட்ட, யூரியா மிகுந்த வயலில் தூருக்குத் தூர் தாவும். மண்ணில் கடுகுபோலக் கிடக்கும் பூஞ்சை முடிச்சுகள் தண்ணீரில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

*பாக்டீரியா இலைக்கருகல்.* இலை நுனியிலிருந்து ஓரமாக, அலை அலையான விளிம்போடு வைக்கோல் நிறத்தில் இறங்கும். புயல் மழைக்குப் பிறகு இலைகள் உரசிக் கிழிந்த இடங்கள் வழியே கிருமி நுழையும். தழைச்சத்து மிகுந்த மெல்லிய இலை எளிதில் கிழியும்.

*நெற்பழம்.* கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பந்து, பிறகு கரும்பச்சைப் பொடி. பல ஊர்களில் இதை 'லட்சுமி நோய்' என்றே சொல்வார்கள். இது வந்தால் நல்ல விளைச்சல் என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அரை உண்மை இருக்கிறது. சத்து வளமான வயலில், பூக்கும்போது மழை பெய்தால் வருவது இது. ஆனால் பந்தான மணி போனதுதான். அறுவடை நெல்லின் தரமும் கெடும்.

*புகையான்.* இது பூச்சிதான், நோயில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. தழைச்சத்து ஏறிய சாற்றில் புகையான் வேகமாகப் பெருகும். வட்டமாக வயல் காய்ந்து தீய்ந்த இடங்களில் பெரும்பாலும் யூரியா கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருக்கும்.

இப்படி ஏன் நடக்கிறது? நான்கு காரணங்கள்.

ஒன்று, பயிர் வேகமாக வளரும்போது செல் சுவர் தடிக்க நேரம் கிடைப்பதில்லை. சுவர் மெலிந்தால் பூஞ்சை முளை துளைப்பது சுலபம்.

இரண்டு, மிஞ்சிய தழைச்சத்து இலைச் சாற்றில் அமினோ அமிலங்களாகத் தேங்குகிறது. உள்ளே வந்த கிருமிக்குச் சமைத்து வைத்த சோறு அது.

மூன்று, பயிர் தனக்காகச் செய்துகொள்ளும் தற்காப்புப் பொருள்களும் இலையில் படியும் சிலிக்காவும் குறைகின்றன.

நான்காவதை வரப்பிலிருந்தே பார்க்கலாம். தழை அடர்ந்தால் காற்று உள்ளே போகாது, வெயில் அடிவரை இறங்காது, பனி காயாது. பூஞ்சை வித்து முளைக்க வேண்டியது ஈரமான இலையில் சில மணி நேரம். கொழுத்த வயல் அதைத் தினமும் கூடுதலாகக் கொடுக்கிறது.

பட்டினிப் பயிரின் நோய்கள்

இதுவரை படித்ததும் "அப்படியானால் யூரியாவைக் குறைத்துவிட்டால் நோயே வராது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பட்டினிக்கும் தனி நோய்கள் உண்டு.

அவற்றில் முக்கியமானது செம்புள்ளி நோய். எள் அளவில் வட்ட, முட்டை வடிவப் பழுப்புப் புள்ளிகள், பெரிதானால் நடுவே சாம்பல் நிறம், சுற்றி மஞ்சள் வளையம். மணியின் உமியிலும் கறுப்பாகப் படியும். குலை நோய்ப் புள்ளிக்கு இரண்டு முனையும் கூர்மை. செம்புள்ளிக்கு முனை கிடையாது. சத்து இழந்த மேட்டு நிலம், மணல் நிலம், தண்ணீர் தட்டிய வயல், பல வருஷமாகச் சாம்பல்சத்தே காணாத வயல், இவைதான் இதன் வீடு. தழைச்சத்துக் குறைந்தாலும் வரும், சாம்பல்சத்துக் குறைந்தாலும் வரும், சிலிக்கா குறைந்தாலும் வரும்.

இதைச் சின்ன நோய் என்று நினைக்க வேண்டாம். 1942இல் வங்காளத்தின் நெல்லை இந்தச் செம்புள்ளி நோய் பெருமளவில் தாக்கியது. மறுவருஷம் வந்த வங்காளப் பஞ்சத்துக்குப் போர்க்கால ஆட்சியின் தவறுகள், விலையேற்றம், புயல் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு இந்த நோயையும் ஒரு காரணமாக நெல் நோயியல் அறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் எழுதினார்.

பட்டினி நோய்க்கு எதிரான முதல் காவல் சாம்பல்சத்து. அது இலையில் தேங்கும் அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் புரதமாக, மாவாக மாற்ற உதவுகிறது. தண்டைத் தடிக்க வைக்கிறது. இலைத் துளைகளைத் திறந்து மூடும் வேலையைச் சீராக்குகிறது. ஆனால் பொட்டாஷை மருந்தென்று எண்ணக் கூடாது. மண்ணில் சாம்பல்சத்துக் குறைந்த இடத்தில்தான் அதன் பலன் தெரியும். யூரியாவை இரண்டு மடங்கு வீசிவிட்டு, அதைச் சரிக்கட்ட பொட்டாஷையும் இரண்டு மடங்கு வீசினால் குலை நோய் போகாது.

இரண்டாவது காவல் சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள். நெல் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரும்பாலான பயிர்கள் இதை எடுப்பதில்லை. இலையின் மேல்தோலுக்கு அடியில் கண்ணாடிப் பூச்சுபோலப் படிந்து பூஞ்சையைத் தடுக்கிறது, இலையை நிமிர்த்தி நிறுத்துகிறது. வைக்கோலைத் தடவினால் கையைக் கீறுகிறதே, அந்தச் சொரசொரப்பு சிலிக்காதான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 டன் நெல் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை சாம்பல்சத்து இருக்கிறது. 40 முதல் 70 கிலோ வரை சிலிக்கான் இருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோலைக் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றினால் 28 முதல் 40 கிலோ சாம்பல்சத்தை ஏற்றிவிட்டோம். ஒரு மூட்டை பொட்டாஷில் இருப்பது 30 கிலோ. நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. முன்பு அந்த வைக்கோல் வீட்டு மாட்டின் வயிற்றுக்குள் போய், குப்பைமேடு வழியாகத் தொழுவுரமாக வயலுக்குத் திரும்பியது. இப்போது வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து அறுவடை முடிந்த வாரமே எடுத்துப்போகிறது. வைக்கோல் விற்ற காசில் ஒரு பங்கைப் பொட்டாஷுக்கு ஒதுக்காதவர், மண்ணின் முதலை எடுத்துச் செலவு செய்கிறார்.

விலையும் இதில் ஒரு பங்கு. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் கட்டுப்பாட்டு விலையிலேயே இருந்தது. டிஏபி, பொட்டாஷ் விலைகள் ஏறின. கையில் காசு குறைந்த விவசாயி மலிவான மூட்டையை எடுத்தார். நம் வயல்களில் தழைச்சத்தின் வரப்பு உயர்ந்தும் சாம்பல்சத்தின் வரப்பு கரைந்தும் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட வயலில் கொழுப்பு நோயும் பட்டினி நோயும் ஒரே பயிரில் வரும். ஒரு சத்தால் கொழுத்து இன்னொரு சத்தால் பட்டினி கிடக்கும் பயிர் அது.

நோயா, சத்துக் குறையா?

1960களில் இமயமலை அடிவாரத்தில், பந்த்நகர் அருகே உள்ள தராய் நிலங்களில் நெல் நாற்று நட்ட சில வாரங்களில் துருப்பிடித்தாற்போலப் பழுத்துக் குட்டையாகி நின்றது. உள்ளூரில் 'கைரா' நோய் என்றார்கள். கிருமி என்று நினைத்துத் தேடினால் கிருமி அகப்படவில்லை. அங்கே பணியாற்றிய ஒய்.எல். நேனே அது துத்தநாகப் பற்றாக்குறை என்று கண்டறிந்தார். துத்தநாக சல்பேட் தெளித்ததும் பயிர் எழுந்து நின்றது.

இன்றைக்கும் நம் கடைத்தெருவில் நடப்பது அதே குழப்பம்தான். ஒரு பழுத்த இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனால் திரும்பும்போது கையில் ஒரு மருந்து பாட்டில் இருக்கும். இலையைக் கிள்ளுவதற்கு முன் வயலிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: பழுத்தது அடி இலையா, குருத்து இலையா? தழைச்சத்து, சாம்பல்சத்துக் குறைந்தால் பயிர் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். அடி இலைதான் முதலில் மாறும். இரும்பும் கந்தகமும் அப்படி நகராது, குருத்துதான் வெளுக்கும்.

இரண்டாவது கேள்வி: வயல் முழுக்க ஒரே சீராகவா, திட்டுத் திட்டாகவா? சத்துக் குறை பெரும்பாலும் பரவலாகவோ, மண் மாறும் இடங்களில் திட்டாகவோ நிற்கும். நாளுக்கு நாள் காற்றுப் போக்கில் நகராது. நோய் ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றிலும் பரவும்.

மூன்றாவது கேள்வி: புள்ளிக்கு விளிம்பு உண்டா? நோய்ப் புள்ளிக்குப் பெரும்பாலும் தனி வடிவமும் விளிம்பும் இருக்கும். சத்துக் குறையில் நிறம் மெல்ல மெல்ல மாறும்.

நெல்லில் அடிக்கடி பார்ப்பவை இவை:

• அடி இலை நுனியிலிருந்து தொடங்கி முழுதும் சீராக மஞ்சள், பயிர் குட்டை: தழைச்சத்துக் குறை.

• அடி இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பு, நடுப்பகுதி கரும்பச்சை: சாம்பல்சத்துக் குறை. பாக்டீரியா இலைக்கருகலும் ஓரத்தில்தான் வரும். சந்தேகம் வந்தால் இலையைப் பச்சைப் பகுதியும் கருகிய பகுதியும் சேரும் இடத்தில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி முங்குமாறு நிறுத்துங்கள். சில நிமிஷங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே நின்றால் சத்துக் குறையாக இருக்கலாம்.

• நட்ட 2 முதல் 4 வாரத்தில் அடி இலைகளில் துருப் புள்ளி, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுப்பு, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டை: துத்தநாகக் குறை.

• நாற்றங்காலில் அல்லது தண்ணீர் நிற்காத இடத்தில் குருத்து வெள்ளை மஞ்சள்: இரும்புக் குறை.

• இலை ஆரஞ்சு மஞ்சள், பயிர் குட்டை, வயலில் பச்சைத் தத்துப்பூச்சி: துங்ரோ நச்சுயிரி நோயாக இருக்கலாம். யூரியா போட்டால் தேறாது. வேளாண்மை உதவி அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.

ஏக்கர் கணக்கு

மண் பரிசோதனை செய்து மண்வள அட்டையில் வரும் பரிந்துரையைப் பின்பற்றுவதே சிறந்தது. அதற்கு மண் எடுக்கும்போது வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10, 15 இடங்களில் 'வி' வடிவில் அரையடிக் குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு விரல் தடிமனில் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். உரம் போட்ட உடனே மண் எடுக்காதீர்கள்.

அட்டை கையில் இல்லையென்றால் காவிரிப் படுகைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. இதை மூட்டைக் கணக்காக்குவோம்.

மணிச்சத்து 20 கிலோ வேண்டும். டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. ஆக 43 கிலோ டிஏபி போதும். ஒரு மூட்டைக்கும் குறைவு. அந்த 43 கிலோ டிஏபியோடு கிட்டத்தட்ட 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. இதைக் கழிக்க மறப்பவர்கள்தான் அதிகம். மீதி 52 கிலோ தழைச்சத்துக்கு 113 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. சாம்பல்சத்து 20 கிலோவுக்குப் பொட்டாஷ் 33 கிலோ.

இதை நான்காகப் பிரியுங்கள்:

அடியுரம்: டிஏபி 43 கிலோ முழுதும், யூரியா 15 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ.

தூர் கட்டும் பருவம்: யூரியா 33 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ.

கதிர் உருவாகும் பருவம்: யூரியா 33 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ.

கதிர் வெளிவரும் பருவம்: யூரியா 32 கிலோ, பொட்டாஷ் 9 கிலோ.

ஏக்கருக்கு மூன்று மா என்று கணக்குப் பார்ப்பவர்கள் இவற்றை மூன்றால் வகுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பொன்னி போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அந்த ரகத்துக்கு எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரை. அதற்கு மேல் போனால் உயரமாக வளர்ந்து சாயும், சாய்ந்த பயிரில் நோய் குடியேறும். பசுந்தாள், தொழுவுரம் போட்ட வயலிலும் யூரியாவைக் குறையுங்கள்.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, உலர்ந்த மணலில் கலந்து, நடவுக்கு முன் மேலாகத் தூவுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள். மணிச்சத்து அதிகமானால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும். ஒவ்வொரு போகமும் பழக்கத்துக்காக இரண்டு மூட்டை டிஏபி போடும் வயல்களில் துத்தநாகக் குறை தலைகாட்டுவது இதனால்தான். நட்ட பிறகு அறிகுறி தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துத் தெளியுங்கள். தேவைப்பட்டால் 15 நாள் கழித்து மறுபடி.

யூரியாவை அப்படியே வீசினால் பாதிக்கும் குறைவாகத்தான் பயிருக்குச் சேரும். 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுங்கள். வயலில் தண்ணீரை வடித்துச் சேறாக்கிவிட்டுத் தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள், அட்டையைப் பாருங்கள்

முதல் பத்தியில் வழிப்போக்கர் செய்த தவறை நாமும் செய்வோம். பயிர் கரும்பச்சையாக இல்லாவிட்டால் நம் மனசு நிறையாது. அதற்குத் தீர்வு இலை வண்ண அட்டை: வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை.

நட்ட 14ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பென்றால் 21ஆம் நாளிலிருந்து, கதிர் வரும்வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். நோயில்லாத 10 செடிகளில், மேலே முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ 4ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண். அப்போது குறுவையில் ஏக்கருக்கு 30 கிலோ, சம்பாவில் 26 கிலோ யூரியா போதும். அட்டை முறைக்கு மாறினால் மேலே சொன்ன மேலுரத் தவணைகளில் யூரியாவை விட்டுவிடுங்கள். பொட்டாஷ் தவணை மட்டும் தொடரட்டும்.

அட்டை 'வேண்டாம்' என்று சொல்லும் நாளில் யூரியா மூட்டையைப் பிரிக்காமல் இருப்பதுதான் இந்தப் புத்தகத்திலேயே கடினமான வேலை. மருந்துச் செலவு மிச்சமாவதும் அந்த நாளில்தான்.

நோய் வந்த பிறகு உரம்

குலை நோய் இலையில் தெரிந்தால் அடுத்த யூரியா தவணையை நிறுத்திவையுங்கள். தண்ணீரை வடிக்காதீர்கள், காய்ந்த வயலில் குலை நோய் கூடும். பொட்டாஷ் தவணை பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். நோய் அடங்கிப் புது இலை சுத்தமாக வந்தபின், அட்டை பார்த்து, பாதி பாதியாக யூரியா கொடுக்கலாம். கதிர் வெளிவரும் நேரத்தில் மழையும் பனியுமாக இருந்து இலையில் குலைப் புள்ளியும் இருந்தால், கடைசித் தவணை யூரியாவை விட்டுவிடுவது மேல்.

இலையுறை கருகலுக்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் யூரியாவை நிறுத்துவதோடு தண்ணீரையும் வடியுங்கள். நோய் வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயவிடாதீர்கள். வரப்புப் புல்லை வெட்டிச் சுத்தமாக்குங்கள். அங்கேயும் கிருமி தங்கும்.

செம்புள்ளியில் நேர்மாறு. அங்கே உரத்தை நிறுத்தினால் பட்டினி முற்றும். மிதமான யூரியாவும் பொட்டாஷும் கொடுத்து, தண்ணீரைச் சீராக்குங்கள். அதனால்தான் புள்ளியின் முனை கூர்மையா, வட்டமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே பழுப்புப் புள்ளி, இரண்டு எதிரெதிர் வைத்தியம்.

மருந்து எது, எவ்வளவு என்பதை அந்தந்த வருஷப் பரிந்துரைப்படி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நெல்லைத் தாண்டி

மற்றப் பயிர்களுக்கும் ஒரு பொது விதி சொல்லலாம். உயிருள்ள இலையில் ஒட்டி வாழும் துரு நோய், சாம்பல் நோய் போன்றவை கொழுத்த பயிரைத் தேடும். தளர்ந்த இலையைத் தின்னும் இலைப்புள்ளி, கருகல் நோய்களில் பல பட்டினிப் பயிரைத் தேடும். தக்காளியின் முன்கருகல் பழைய இலையில், தழைச்சத்துத் தீர்ந்த செடியில் சீக்கிரம் ஏறுவது அதனால்தான்.

தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிந்தால் பலர் பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் காய்க்குப் போய்ச் சேராததால் வரும் குறை. ஒரு வாரம் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாகப் பாய்ச்சுவதும், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டுவதும் அதைக் கூட்டும். தண்ணீரைச் சீராகக் கொடுப்பதே முதல் வைத்தியம்.

நிலக்கடலைக்கு 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது பருப்பு நிறைவதற்கு மட்டுமில்லை. மண்ணுக்குள் இருக்கும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தன் ஓட்டின் வழியே நேராக எடுக்கிறது. அது போதாவிட்டால் ஓடு மெலிந்து காய் அழுகும்.

வாழை சாம்பல்சத்தில் பெருந்தீனிக்காரப் பயிர். வாழை வாடல் நோய் இருக்கும் பகுதிகளில் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டுக் காரத்தன்மையைச் சற்று ஏற்றுவது நோயை மட்டுப்படுத்த உதவும்.

உங்கள் வயலில் ஒரு சோதனை

இந்தப் போகத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள். வயலின் ஓரமாக இல்லாமல், நடுவில் ஐந்து குழி அளவுக்கு இரண்டு பாத்திகள் சின்ன வரப்புக் கட்டிப் பிரியுங்கள். முதல் பாத்திக்கு யூரியா மேலுரத்தை அட்டை சொன்னபடி மட்டும் போடுங்கள். இரண்டாவது பாத்திக்கு அதே யூரியாவைக் கொடுத்து, பொட்டாஷை மட்டும் நிறுத்திவிடுங்கள். மற்ற வயலில் வழக்கம்போல் செய்யுங்கள். நட்ட நாள், ரகம், ஒவ்வொரு தவணையும் எத்தனை கிலோ, எந்தத் தேதியில் முதல் புள்ளி தெரிந்தது, பத்துத் தூரில் எத்தனை தூரில் நோய் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறுவடையன்று மூன்று இடத்திலும் ஒரே அளவு இடத்தை அரிவாளால் தனியாக அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லையும் பதரையும் தனித்தனியே எடை போடுங்கள்.

நோட்டில் இரண்டு பத்திகள் கோடு போட்டிருப்பீர்கள்: உரச் செலவு ஒன்று, மருந்துச் செலவு ஒன்று. எடையை எழுதுவதற்கு முன் அந்த இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுங்கள். அடுத்த போகத்தில் எத்தனை மூட்டை யூரியா வாங்க வேண்டும் என்பதற்கு இந்த அத்தியாயத்தைவிட அந்தப் பக்கம் நன்றாகப் பதில் சொல்லும்.